மூன்று ஜெனரேட்டரும் ஒன்றல்ல

இன்று மதியம் திருவொற்றியூரில் ஒரு வாடகைக் கடைக்கு, நான் எழுதிய மென்பொருளைக் காட்டப் போயிருந்தேன். கல்யாணங்களுக்கு நாற்காலி, பாத்திரம், ஜெனரேட்டர் எல்லாம் வாடகைக்கு விடும் கடை.

காட்டிக்கொண்டிருக்கும்போதே எண்ணூரிலிருந்து ஒருவர் வந்தார். நாளை மாலை தங்கையின் கல்யாண வரவேற்பு, ஜெனரேட்டர் வேண்டுமாம். திரையில் 'ஜெனரேட்டர்: 3' என்றிருந்தது.

"இருக்கு சார்" என்றேன் பெருமையாக.

கடை மெக்கானிக் லாரன்ஸ் சிரித்துவிட்டார். "இன்னா மேடம், மூணா கீது? ஒண்ணு மணலிக்குப் போய்க்கீது. ஒண்ணைப் பிரிச்சுப் போட்டுக்கீறேன். மிச்சம் கீறது பத்து நிமிசம் ஓடிட்டு நின்னுடும். கல்யாண வூடு இருட்டாயிடாது?"

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. "அப்போ நாற்காலியும் இப்படித்தானா?"

"நாற்காலிக்கு எண்ணிக்கை போதும், எது போனா இன்னா? மிசின் அப்படி இல்ல மேடம். ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி."

எல்லாப் பொருளையும் ஒரே பட்டியலில் எப்படி அடக்குவது என்று ஒரு வாரமாக நான் முட்டிக்கொண்டிருந்த சிக்கல் அங்கேயே அவிழ்ந்தது! உட்கார்ந்த இடத்திலேயே மென்பொருளில் சரக்கு விவரம் வைத்திருந்த டேபிளை இரண்டாகப் பிரித்தேன். எண்ணினால் போதும் என்கிற பொருள்கள் ஒன்றில். இன்னொன்றில் இயந்திரங்கள், ஒவ்வொன்றுக்கும் தனி வரி. எது எங்கே இருக்கிறது, எப்போது திரும்பும் என்று லாரன்ஸ் சொல்லச் சொல்ல நிரப்பினேன்.

மறுபடி தேடினால், மணலிக்குப் போனது நாளை காலையில் திரும்பும் என்று வந்தது. எண்ணூர்க்காரர் அதையே பதிந்துகொண்டு நிம்மதியாகப் போனார். நான் துள்ளிக் குதிக்காத குறை!

கிளம்பும்போது லாரன்ஸ், "ஒவ்வொரு மிசினுக்கும் குணம்னு ஒரு கட்டம் போடு மேடம், நான் சொல்றேன்" என்றார்.

மனிதர் ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். அந்தக் கட்டத்துக்கு எத்தனை எழுத்து ஒதுக்கலாம், சொல்லுங்கள்?