மேல் பாதியைத் திருத்தியவர்

எங்கள் அலுவலகத்தில் அவரைச் செருப்புக்கடை அக்கா என்றுதான் எல்லோரும் சொல்வோம். அவர் எதிரிலேயே சொல்வோம், அவரும் கோபித்துக்கொள்ள மாட்டார். பத்தொன்பது வருடம் ஒரு செருப்புக் கடையில் ஜோடி சேர்த்தவர். இடதும் வலதும் ஒரே அளவா, ஒரே நிறமா என்று பார்த்துப் பெட்டியில் வைத்து மூடுவதுதான் வேலை. அந்தக் கடையை இழுத்து மூடியதும், நாற்பத்தாறாவது வயதில், பள்ளிக் கணக்குப் பயிற்சி நூல்கள் தயாரிக்கும் எங்கள் இடத்துக்குப் பிழை பார்க்க வந்தார். ஒரு மாதம் பார்ப்போம், சரிப்பட்டால் வைத்துக்கொள்வோம் என்று முதலாளி சொல்லியிருந்தார். அக்காவின் வீட்டுக்காரர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். முழங்கால் வலியால் வாரத்தில் பாதி நாள் அவருக்கு வீட்டில்தான் வாசம். மகள் நர்சிங் இரண்டாம் ஆண்டு. அந்த ஒரு மாதம் அக்காவுக்கு விளையாட்டுக் காரியம் இல்லை.

நான் பக்கத்து மேசை, பக்க வடிவமைப்பாளன். வேலையில் கெட்டி என்று நானே சொல்லிக்கொள்வேன். யாருக்காவது சொல்லிக்கொடு என்றால் மட்டும் மூக்குக்கு மேல் கோபம் வரும். பார்த்துப் பார்த்து அந்தப் பொறுப்பை என் தலையில்தான் கட்டினார்கள்.

எங்கள் முதலாளி இளமையிலிருந்து கட்டிக்கொண்டு அழும் எடிட்டர் மென்பொருள் ஒன்று கணினியில் இருக்கிறது. கறுப்புத் திரை. படம் கிடையாது, பொத்தான் கிடையாது, மவுஸுக்கு மரியாதையே கிடையாது. ஆனால் நாம் எழுதிக்கொடுத்தால் புதுப்புது வேலைகளைக் கற்றுக்கொள்ளும். கணக்குப் புத்தகத்தில் கேள்வி பன்னிரண்டாம் பக்கத்தில் இருக்கும், அதன் விடை கடைசியில் கிடக்கும். முன்னும் பின்னும் ஓடி ஓடி ஒப்பிட்டால் தாவு தீர்ந்துவிடும். அதனால் நாலு வரி நிரல் எழுதி, ஒரு விசையைத் தட்டினால் திரை குறுக்கே இரண்டு ஜன்னல்களாகப் பிரியும்படி செய்துகொடுத்தேன். மேல் ஜன்னலில் கேள்வி, கீழ் ஜன்னலில் விடை. அவ்வளவுதான் அக்கா என்று சொல்லிவிட்டு எழுந்து போனேன். மேலே தெரிவதும் கீழே தெரிவதும் ஒரே கோப்பின் இரண்டு பகுதிகள், எங்கே திருத்தினாலும் கோப்பே திருந்திவிடும் என்பதைச் சொல்லவில்லை. இதைக்கூடவா சொல்ல வேண்டும் என்கிற திமிர்.

அக்கா வெளுத்து வாங்கினார். முதல் வாரத்திலேயே ஏழாம் வகுப்புப் புத்தகத்தில் நாற்பத்தொரு தப்பு விடைகளைப் பிடித்தார். அதில் எட்டு, முதலாளியே இரண்டு முறை பார்த்துச் சரியென்று விட்டவை.

மூன்றாம் நாள் பதினொரு மணிக்கு என் மேசைக்கு ஒரு டீ வந்தது. அக்கா வாங்கியது. ரொம்ப நன்றி தம்பி என்றார். விசை செய்துகொடுத்ததற்காக இருக்கும் என்று நினைத்துக் குடித்தேன். மறுநாளும் வந்தது, அதற்கு மறுநாளும் வந்தது. ஓசி டீக்குக் காரணம் கேட்கும் வழக்கம் எங்கள் வம்சத்திலேயே இல்லை, நானும் கேட்கவில்லை.

ஒன்று மட்டும் கண்ணில் பட்டது. அக்கா காலையில் அரை மணி முன்னாடியே வந்துவிடுவார், மாலையில் கடைசியாகத்தான் கிளம்புவார். கீழ் ஜன்னலில் ஒரு விடையைத் திருத்துவார். பிறகு மேல் ஜன்னலுக்குப் போய், புத்தகத்தின் கடைசிவரை நகர்த்தி, அதே விடையைத் தேடிப் பார்ப்பார். என் பக்கம் திரும்பிச் சிரிப்பார். மறுபடி பன்னிரண்டாம் பக்கத்துக்கு வருவார். பாவம், பயந்த சுபாவம் என்று விட்டுவிட்டேன்.

மாதக் கடைசியில் முதலாளி அவரைக் கூப்பிட்டார். அட்டைப்படம் காட்டப் போன நானும் அந்த அறையில்தான் இருந்தேன். திங்கள் முதல் வேலை நிரந்தரம் என்று சொல்லி முதலாளி கடிதத்தை நீட்டினார். அக்கா வாங்கவில்லை. உட்காரவும் இல்லை.

"சார், ஒண்ணு சொல்லிடறேன். பாதி வேலை நான் பண்ணலை. கீழ இருக்கற புத்தகத்தை நான் திருத்தறேன். மேல இருக்கறதையும் திருத்தலாம்னு போனா, அதுக்குள்ள தம்பி திருத்தி வெச்சிருக்கார். ஒரு மாசமா ஒண்ணுகூட எனக்கு மிச்சம் வெக்கலை. அதை மறைச்சு இந்த லெட்டரை வாங்கினா எனக்குத் தூக்கம் வராது."

முதலாளி என்னைப் பார்த்தார். குடித்த டீயெல்லாம் ஒரே நேரத்தில் தொண்டைக்கு வந்தது. அந்த ஓசி டீக்குக் காரணம் அப்போதுதான் புரிந்தது. இடது செருப்பைத் துடைத்தால் வலது தானாகச் சுத்தமாகாது. பத்தொன்பது வருடம் ஜோடி பார்த்தவர், இரண்டு ஜன்னலென்றால் இரண்டு புத்தகம் என்று எடுத்துக்கொண்டதில் என்ன தப்பு? நான்தான் மடையன்.

அக்காவை அவர் மேசைக்கே அழைத்துப் போனேன். முதலாளியும் பின்னாலேயே வந்தார். இரண்டு ஜன்னலிலும் ஒரே பக்கத்தைக் கொண்டுவந்து, கீழே ஒரு எண்ணை அழித்தேன். மேலேயும் அழிந்தது. போட்டேன். வந்தது. அக்கா விரலால் மேலே ஒரு தடவை, கீழே ஒரு தடவை தொட்டுப் பார்த்தார்.

"ரெண்டும் ஒரே புத்தகம்தான்க்கா. நான் ஒரு எழுத்தைக்கூடத் தொடலை. சொல்லித் தராம விட்டது என் தப்பு."

"அப்போ அத்தனையும் நானேவா?"

"நீங்களேதான்."

முதலாளி கடிதத்தை மறுபடி நீட்டினார். இந்த முறை அக்கா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். மாடிப்படிக்குப் போய் வீட்டுக்காரருக்கு போன் போட்டார். கண்ணில் தண்ணீர், வாயெல்லாம் சிரிப்பு. அந்தப் பக்கம் சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது, இரண்டாவது தடவை அலுவலகம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்:

"யாரும் எனக்கு உதவி பண்ணலைங்க. ஒருத்தர்கூடப் பண்ணலை."