வெண்பாவுக்காக மாற்றிய முடிவு

அந்தப் பண்டிதரை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. இரண்டு வெண்பாவால் என் முதல் நாவலைக் கெடுத்தவர் அவர். கெடுக்க விட்டவன் நான்.

அப்போது நான் கண்டியில் ஓர் அலுவலகத்தில் கிளாக்கர். யாழ்ப்பாணத்தில் கணவனிடம் அடி வாங்கியது போதும் என்று வெளியேறிய அக்கா என்னோடு இருந்தாள். நாவல் அவளுடைய கதைதான். பெயரையும் ஊரையும் மாற்றியிருந்தேன், அவ்வளவே. நான் அடித்துத் திருத்தித் தருவதை அவள் அழகாகப் படியெடுப்பாள். படியெடுப்பதோடு நிற்கவும் மாட்டாள். கடைசி அதிகாரத்தை மட்டும் ஏழு தடவை எழுதினேன். முதல் நான்கிலும் கதாநாயகி வீட்டை விட்டுப் போகுமுன் கணவனைப் பார்த்து இரண்டு பக்கம் பேசினாள். அக்கா பேனையை வைத்துவிட்டாள்.

"வெளிக்கிடுறவள் பிரசங்கம் செய்துகொண்டு நிப்பாளே? பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவாள்."

ஏழாவது தடவை கதாநாயகி பேசாமல் போனாள். அதை அக்கா ஒரு சொல்லும் மாற்றாமல் படியெடுத்துத் தந்தாள்.

முகப்பில் ஒரு பெரியவர் நூலைப் புகழ்ந்து பாடிய சாற்றுகவி இல்லாத புத்தகத்தை அந்த நாளில் எவரும் மதிக்கமாட்டார்கள். அதற்காகக் கம்பளைக்கு ரயிலேறி, மகன் வீட்டில் இருந்த பண்டிதரிடம் கையெழுத்துப் பிரதிக் கட்டைக் கொடுத்தேன். மூன்று வாரம் கழித்துப் போனால், அக்கா போட்ட முடிச்சுக்கூட அவிழவில்லை! கதையைச் சொல்லச் சொன்னார். புருஷன் அடிக்கிறான், அவள் போய்விடுகிறாள் என்று தொடங்கினேன்.

"விளங்குது தம்பி, விளங்குது. பாட்டை அச்சுக்கூடத்துக்கே அனுப்பிவிடுறன்."

கட்டை வாங்கி அச்சுக்கூடத்தில் கொடுத்தேன். மனிதருக்கு என்ன விளங்கியது என்பது பிறகு அங்கே போனபோதுதான் தெரிந்தது. அங்கே இருந்த ஈய எழுத்து எட்டுப் பக்கத்துக்குத்தான் காணும். எட்டை அச்சடித்து, எழுத்தைப் பிரித்து, அடுத்த எட்டைக் கோப்பார்கள். நான் போனபோது முதல் எட்டை அடித்து அடுக்கியாயிற்று. வெண்பாவில் என் கதாநாயகி கணவன் காலில் விழுந்து, மன்னிப்புக் கேட்டு, கற்பரசியாக வீடு திரும்பியிருந்தாள்.

அந்தத் தாள்களைக் கிழித்துப் போடுங்கள் என்று கத்தினேன்.

"பண்டிதர் மூஞ்சியில நான் எப்படிங்க முழிக்கிறது?" என்றார் அச்சுக்கூடக்காரர். "நீங்க கடைசி அதிகாரத்தை மாத்திடுங்க. அதை இன்னும் கோக்கலையே."

கட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்திருக்க வேண்டும். வரவில்லை. புத்தகத்தில் என் பெயரைப் பார்க்கும் ஆசை, பண்டிதரைப் பகைத்தால் தமிழ்க் கூட்டங்களில் தலைகாட்ட முடியாது என்ற பயம். தூ! அக்கா கோயிலுக்குப் போயிருந்த ஒரு காலையில் அந்த அதிகாரத்தை எட்டாவது தடவை எழுதினேன். ஒரே இருப்பில், ஓர் அடித்தல் இல்லாமல் வந்தது. என்மேல் எனக்கு இன்னும் ஆறாத ஆத்திரம் அதுதான்.

புத்தகம் வந்த அன்று அக்கா கதிரையில் உட்கார்ந்து கடைசி அதிகாரத்தைத்தான் முதலில் திறந்தாள். வாசித்து முடிக்கும்வரை தலை நிமிரவில்லை. நான் பண்டிதரைத் திட்டத் தொடங்கினேன். வெண்பா, அச்சுக்கூடம், ஈய எழுத்து எல்லாவற்றையும் இழுத்தேன்.

"திரும்பிப் போ, காலிலை விழு எண்டு ஊரிலை எல்லாரும்தான் சொன்னவை," என்றாள். "நீ ஒருத்தன்தான் வந்து என்னைக் கூட்டிக்கொண்டு வந்தனீ. இப்ப நீயும் சொல்லிப்போட்டாய்."