பிரெஞ்சு ராஜாவும் என் விண்ணப்பமும்

எனக்கு வாய் நீளம். பதினோராம் வகுப்பில் அது செய்த வேலையை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

பெரிய காஞ்சிபுரத்துப் பள்ளியில் சரித்திர வாத்தியார் பிரான்சைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரே ஏசுவைக் கும்பிடுகிற கத்தோலிக்கர், புராட்டஸ்டண்ட் என்ற இரண்டு கூட்டம் வருஷக்கணக்கில் வெட்டிக்கொண்டு செத்ததாம். பட்டத்துக்கு வந்த ராஜா புராட்டஸ்டண்ட். பாரிஸ் கத்தோலிக்க நகரம், அவனுக்குக் கதவைத் திறக்கவில்லை. ஸ்பெயின் ராஜா வேறு படையை அனுப்பி நகரத்துக்குள் உட்காரவைத்துவிட்டான். கடைசியில் பிரெஞ்சு ராஜா கத்தோலிக்கனாக மாறினான். கதவு திறந்தது. ஸ்பெயின் படையை வெளியேற்றிவிட்டு, அந்த நாட்டின் மேலேயே போர் அறிவித்தான்.

“ராஜா செஞ்சது சரியா?” என்றார் வாத்தியார்.

வகுப்பில் நான் ஒருத்திதான் ஏசுவைக் கும்பிடுகிற வேதக்காரப் பெண். விடுவேனா? “தப்பு சார். நாற்காலிக்காக சாமிய வித்துட்டான்” என்றேன். சபாஷ் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அப்பா கூலி வேலைக்காரர். ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர்ச் சபையில் முன்னால் நின்று கீர்த்தனை பாடுகிறவர்.

“மாறினதும் சண்ட நின்னுதாமா?” என்று கேட்டார்.

“எங்க நின்னுச்சு? ஸ்பெயின்காரன் விடல. போர் அறிவிச்சப்புறமும் மூணு வருசம் அடிச்சிக்கினு இருந்தானுங்க.”

அப்பா டிரங்குப் பெட்டியைத் திறந்து ஒரு காகிதத்தை நீட்டினார். தாலுகா ஆபீஸ் முத்திரை போட்டிருந்தது. எங்கள் குடும்பம் இந்து மதத்துக்குத் திரும்பிவிட்டதாக எழுதியிருந்தது.

திக்கென்றது. வேதத்தில் இருந்தால் எங்கள் சாதிக்குரிய சலுகை கிடையாது என்பது எனக்கும் தெரியும். அது இல்லாமல் ஆசிரியப் பயிற்சியில் எனக்கு இடம் கிடைக்காது, நாற்று நடத்தான் போகவேண்டும். ஆனால் அப்பாவா? போன ஞாயிறுகூடக் கண்ணை மூடிக்கொண்டு பாடினாரே இந்த மனுஷன்!

“சபைல தெரியுமாப்பா?”

“காலைல நானே போய்ச் சொல்லிட்டம்மா. இனிமே முன்னால நிக்க வேணாம்னுட்டாரு போதகரு.”

“எதுக்குப்பா இப்டி பண்ண?” என்று கத்தினேன்.

அவர் சத்தமே போடவில்லை. “அந்த ராஜாவுக்குப் பொண்ணு இருந்துச்சாமா?” என்றார்.

வாத்தியார் அதைச் சொல்லவில்லை.

மறுநாள் ஆசிரியப் பயிற்சி விண்ணப்பத்தை என் முன்னால் வைத்தார். “நீயே எழுதும்மா. வேணாம்னா கிழிச்சிப் போட்டுரு, நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்.” மதம் என்ற இடத்தில் ‘இந்து’ என்று எழுதினேன். கை கொஞ்சம்கூட நடுங்கவில்லை. அப்பா மாறியதைவிட அதுதான் என்னைத் தூக்கிவாரிப்போட்டது.