குறை எழுதும் கட்டம்

நான் வேலை பார்க்கும் இங்கிலாந்துப் பள்ளியில் வெள்ளிக்கிழமைதோறும் ஒரு சடங்கு உண்டு. சக ஆசிரியையின் வகுப்பில் பின்னால் உட்கார்ந்து, அவர் பாடம் நடத்துவதில் உள்ள குறையைப் படிவத்தில் எழுதி, அவர் கையிலேயே கொடுக்க வேண்டும். வாங்கியவர் நன்றி சொல்லி பிஸ்கட் நீட்டுவார். இதற்குப் பெயர் ஆசிரியர் மேம்பாடு. இத்தனைக்கும் இது இஸ்லாமியப் பள்ளி. புறம் பேசுவது பாவம் என்று ஒருநாள் நான் பாடம் எடுத்துக்கொண்டிருக்க, பின்வரிசையில் ஒருவர் என் குறைகளை எழுதிக்கொண்டிருந்தார்.

முதல் பருவம் முழுக்கப் படிவத்தில் குறை எழுதும் கட்டத்தில் 'மாஷா அல்லாஹ், மிக நன்று' என்றே எழுதிவந்தேன். தலைமையாசிரியை கூப்பிட்டு, "குறையே கண்ணில் படாதவருக்கு எப்படி வேலையை நிரந்தரமாக்குவது?" என்று கேட்டார். நான் மரியாதை என்று நினைத்ததை அவர் சோம்பல் என்று நினைத்திருக்கிறார். வேலை போய்விடுமே என்ற பயத்தில் குறை சொல்லக் கற்றுக்கொண்டேன். நன்றாகவே கற்றுக்கொண்டேன், அதுதான் வினை.

கோவையில் நான் பத்து வருடம் மார்க்க வகுப்பு எடுத்த பள்ளியில் பயிற்சி என்றால் வருடத்துக்கு ஒருநாள். பயிற்சி கொடுக்க வந்தவருக்குப் பொன்னாடை, மதியம் பிரியாணி, சாயங்காலம் எல்லோருக்கும் சான்றிதழ். யாருடைய வகுப்பாவது சரியில்லை என்றால் தலைமையாசிரியை மும்தாஜ் டீச்சர் அவரைத் தனியாக டீ குடிக்கக் கூப்பிடுவார். "எனக்குமே இந்தப் பாடம் செரியா வரமாட்டேங்குதுங்க டீச்சர். ரெண்டு பேரும் சேந்து பாத்துக்கலாமுங்களா?" என்பார். கேட்டவருக்குப் புரிந்துவிடும்.

போன விடுமுறையில் ஊருக்குப் போனபோது பயிற்சி கொடுக்க என்னையே கூப்பிட்டார்கள்; பொன்னாடை எனக்கு. காலையில் ரஹ்மத்தின் வகுப்பில் உட்கார்ந்து பார்த்தேன். என்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவள், என்னை வாடி போடி என்றே கூப்பிடுபவள். விசாவுக்காக நான் அலைந்த நாட்களில் என் வகுப்புகளையும் சேர்த்து எடுத்தவள். மதியம் எல்லா ஆசிரியைகளும் இருந்த கூட்டத்தில், "ரஹ்மத் கடைசி வரிசைப் பிள்ளைகளைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை" என்றேன். சொல்லிவிட்டு, பழக்கதோஷத்தில் நன்றிக்காகக் காத்திருந்தேன்.

"செரிங்க மேடம்" என்றாள் ரஹ்மத். பிரியாணியில் கை வைக்காமலே அவள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

சாயங்காலம் மும்தாஜ் டீச்சர் என்னை டீ குடிக்கக் கூப்பிட்டார். "மனசு நோகாம சொல்றது எனக்குமே செரியா வரமாட்டேங்குதுங்க டீச்சர்" என்றார். "ரெண்டு பேரும் சேந்து பாத்துக்கலாமுங்களா?"

புரிந்துவிட்டது.

இப்போது இங்கே வழக்கம்போல வெள்ளிக்கிழமைகளில் குறை எழுதிக் கொடுத்து பிஸ்கட் வாங்கிக்கொள்கிறேன். மன்னிப்புக் கேட்டு ரஹ்மத்துக்கு மூன்று முறை செய்தி அனுப்பினேன். மூன்றுக்கும் ஒரே பதில்தான் வந்தது: "நன்றிங்க மேடம்."