மச்சான் கொடுக்காத கன்று

ஊர் பூராவுக்கும் வாழைக்கன்று கொடுத்த மனிதர், பெண் கொடுத்த வீட்டுக்கு ஒன்று கொடுக்கவில்லை. ஒன்பது வருடம் இது என் தொண்டையில் முள்ளாகக் கிடந்தது. அவர் என் அக்காவின் கணவர். எனக்கு மச்சான், சங்கத்துக்காரர்களுக்குக் கன்றுக்காரர்.

வருடத்துக்கு ஒரு நாள் எங்கள் விவசாயிகள் சங்கம் கூடும். தலைவர் அறிக்கை வாசிக்கும்போது பாதிப் பேர் வெளியே நின்று யார் குலையில் எத்தனை சீப்பு என்று அளந்துகொண்டிருப்பார்கள். மச்சான் டிராக்டர் பெட்டியில் கன்று ஏற்றி வந்து, வாசலில் நின்று ஆளுக்கு ஒன்றாகக் கையில் திணிப்பார். கிழங்கில் மண் ஒட்டிய நல்ல கன்று. நான் வந்தால் மட்டும் தோளில் தட்டி, உள்ளே போ, டீ ஆறுது என்பார்.

அவர் கொடுத்ததற்குக் காரணம் உண்டு. ஒரு வருடம் கிணற்றுப் படியில் வழுக்கிக் கால் முறிந்து கிடந்தார். குலைகள் மரத்திலேயே பழுக்கத் தொடங்கிவிட்டன. சங்கத்தில் பதினாலு பேர் அரிவாளோடு, கேட்காமலே வந்து, இரண்டு நாளில் வெட்டி லாரி ஏற்றிவிட்டார்கள். நானும் போனேன், வெட்டியதைவிட அவரைத் திட்டியது அதிகம். அடுத்த கூட்டத்திலிருந்துதான் கன்று கொடுக்க ஆரம்பித்தார்.

இரண்டு வருடம் முன்பு, கூட்டத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது ஆள் விட்டார். போனேன். நாலைந்து மரத்தில் இலை மஞ்சளடித்து, காம்பு ஒடிந்து, பாவாடை மாதிரி தண்டைச் சுற்றித் தொங்கியது. விவசாய ஆபீஸ் அம்மா ஒரு தண்டைக் குறுக்கே வெட்டிக் காட்டினார். வெள்ளையாக இருக்க வேண்டிய இடத்தில் செம்பழுப்பு வளையம். வாடல் நோய், மருந்து கிடையாது, இந்த மண்ணில் நம் ஆயுசுக்கு இந்த வாழை வராது என்றார். கிழங்கிலும் செருப்பு மண்ணிலும் பரவுமாம்; என் செருப்பையும் அங்கேயே கழற்றிப் போட்டுவிட்டுப் போகச் சொன்னார். வெளியே தெரியவே மாதக்கணக்கில் ஆகுமாம்.

மச்சான் தன் மரத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. முந்தின கூட்டத்தில் யார் யாருக்குக் கன்று கொடுத்தோம் என்று விரல் மடக்கிக்கொண்டிருந்தார். நாற்பத்திரண்டு பேர்.

வாயைத் திறக்காதீர்கள், பழியை ஏன் விலைக்கு வாங்குகிறீர்கள் என்றேன். அவர் தன் செருப்பு மண்ணைக் குச்சியால் நோண்டினார். நேரம் காலம் தெரியாத வாய் எனக்கு. எனக்கு மட்டும் ஏன் கொடுக்கவில்லை என்று அப்போது போய்க் கேட்டேன். அவர் முகத்தில் நிஜமான ஆச்சரியம்.

"நீ வீட்டு ஆளு மாப்ளே. வேணும்னா வந்து தோண்டிக்கப் போறே. உனக்குக் கூட்டத்துல வச்சா கொடுப்பாங்க?"

விஷயம் இவ்வளவுதான். கேட்டால் குறைந்துபோவேன் என்று நான் கேட்கவில்லை. அந்த வீம்பில் என் தோட்டம் தப்பியது. இதற்குச் சந்தோஷப்படுவதா என்று இன்னும் தெரியவில்லை.

கூட்டத்துக்குக் காலைத் தேய்த்துக் கழுவி, புதுச் செருப்புப் போட்டு, வெறுங்கையோடு வந்தார். என்ன கன்றுக்காரரே, கஞ்சனாகிவிட்டீரா என்று யாரோ கிண்டலடித்தார்கள். அவர் மேடை ஏறவில்லை. நடுவில் நின்றபடியே சொன்னார்.

"போன வருஷம் நான் கொடுத்த கன்னுல நோய் இருக்கு. என் தோட்டம் போயிடுச்சு. உங்களோடதைப் பாருங்க. தெரியாமத்தான் கொடுத்தேன்."

எடைக்கல் என்று நாங்கள் கூப்பிடும் கனத்த ஆள், எனக்கும் இலை மஞ்சளாக இருக்கிறது, சத்துப் போதவில்லை என்று உரத்தை அள்ளிக் கொட்டிக்கொண்டிருக்கிறேன் என்றார். பின்னால் ஒரு கை உயர்ந்தது. இன்னொன்று. பதினேழு வரை எண்ணினேன், பிறகு தலையைக் குனிந்துகொண்டேன்.

அடிக்க வந்தால் தடுக்கலாம் என்று அவர் பக்கத்திலேயே நின்றிருந்தேன். எடைக்கல் நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டார்.

"உட்காருய்யா. நின்னுக்கிட்டிருந்தா நோய் போயிடுமா?"

மச்சான் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான் அழுதார்.

அரிவாளோடு ஓடிவர எல்லாருக்கும் மனசு இருந்தது. ஆனால் ஒருவர் தோட்டத்தில் இன்னொருவர் கால் வைக்க முடியாது. கால் மண்ணே நோயைச் சுமந்து போகும். அவரவர் மரத்தை அவரவர் தனியாக வெட்டிக் குழியில் போட்டார்கள். மச்சானும் அக்காவும் இருபது நாள் வெட்டினார்கள். நான் ரோட்டில் நின்று பார்த்தேன். வேறென்ன செய்ய.

பிறகு மகள் வீட்டோடு போய்விட்டார்கள். ஐந்து மாதத்தில் மச்சான் அங்கேயே நெஞ்சடைத்துப் போய்ச் சேர்ந்தார். ஊரைவிட்டுக் கிளம்பிய அன்று, என் கேட்டுக்கு வெளியே, தார் ரோட்டை விட்டு இறங்காமல் நின்று கூப்பிட்டார். உள்ளே வாங்க என்றேன். மாட்டேன் என்று தலையை ஆட்டினார்.

"இனிமே கூட்டத்துக்கு நீ போகாதே மாப்ளே. அத்தனை பேர் செருப்பும் அங்கதான் வரும். அவங்க வேற நிலம் பார்த்தா, நல்ல கன்னு உன்கிட்ட மட்டும்தான் இருக்கு."

"கூப்பிட்டு விடுவாங்களே மச்சான். என்னன்னு சொல்றது?"

"வரலைன்னு சொல்லு. ஏன்னு மட்டும் சொல்லாதே. அவங்க காலைப் பார்த்து நீ பயப்படுறேன்னு தெரிய வேண்டாம்."