புளி மூட்டைகளோடு ஒரு பரிசல் சவாரி

மலைமேல், புதூர்நாட்டுக்கும் மேலே, காடு சூழ்ந்த ஏரியில் பொழுது சாய்கிறது. பரிசல் விட ஆசைப்பட்டு வந்த நான், புளி மூட்டைகள் முட்டியில் இடிக்கத் துடுப்புப் போடுகிறேன். பரிசல்காரர் சாவகாசமாகப் பீடி பிடிக்கிறார்.

"சும்மா சுத்தத்தானே வந்தீங்க? எங்க வூட்டாண்ட சுத்தினா ஆவாதா?"

கிளம்பிய கரையில் நான் வந்த ஜீப் காத்திருக்கிறது; அதில் எரிவது ஒற்றை விளக்குதான். இருட்டினால் நிற்கமாட்டேன் என்று டிரைவர் கறாராகச் சொல்லியிருக்கிறார். அவசரத்தில் நான் துழாவத் துழாவப் பரிசல் நின்ற இடத்திலேயே சுழல்கிறது.

ஒருவழியாக அக்கரை சேர்கிறோம். மூட்டைகளை இறக்கி அடுக்கியவர், அவற்றின்மேல் பரிசலைக் கவிழ்த்து மூடுகிறார்.

"ஐயோ, நான் எப்படிங்க திரும்புறது?"

"பனி பட்டா புளி கறுத்துடுங்க. விடிஞ்சதும் பரிசல எடுத்துக்கலாம். வாங்க, களி துன்னலாம்."

எதிர்க்கரையில் ஹாரன் அலறி ஓய்கிறது. ஒற்றை விளக்கு மலையிறங்கத் தொடங்குகிறது.