அரிக்கும் நீர்மம், விலகிச் செல்க

சுவரில், பலகையில், வண்டியின் முதுகில் எழுதியிருக்கும் எதையும் திருத்தாமல் என்னால் கடந்து போக முடியாது. நோய் என்று சொன்னால் அனுதாபம் கிடைத்துவிடும். அதனால் கெட்ட பழக்கம் என்றே வைத்துக்கொள்வோம். ஒருமுறை ஜங்ஷனில் 'கட்டண கழிப்பிடம்' என்ற பலகையில் ஒரு 'க்' விட்டுப்போனதை வாசலில் உட்கார்ந்திருந்தவருக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். வல்லினம் மிகும் இடங்களில் பாதியைத் தாண்டியபோது அவர், "உள்ள போகணுமா, வேண்டாமா? பின்னால ஆள் நிக்கி" என்றார்.

அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. பல இடங்களில் சொல்லிச் சிரிப்பும் வாங்கியிருக்கிறேன். சொல்லாமல் வைத்திருந்தது இன்னொன்று: ஆசிட் ஏற்றும் லாரியின் எச்சரிக்கைப் பலகையையும் நான் திருத்தியிருக்கிறேன்.

லாரி என் பள்ளித் தோழருடையது. பேட்டையில் பட்டறைகளுக்கு நடுவே அவருக்கு ஒரு ஷெட்டும் ஒரே ஒரு டேங்கரும் உண்டு. கந்தக அமிலத்தை ஏற்றிக்கொண்டு ராதாபுரம் தாண்டி ஓர் ஆலைக்கு அது வாரம் இரண்டு நடை போய்வரும். ஒரு நாள் வீட்டுக்கு வந்தவர் காப்பி ஆறும்வரை பேசிவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

"நம்ம வண்டியில எல்லாம் இங்கிலீசுல எழுதியிருக்கு. எங்க டிரைவருக்கும் புரியலை, ரோட்டுல போறவனுக்கும் புரியலை. நீருதான் தமிழ் படிச்ச ஆளு. நாலு வார்த்தை எழுதித் தாரும் வே."

நாலு வார்த்தை கேட்டால் நாற்பது புத்தகத்தை இறக்கிவைக்கிற ஆள் நான். ஆபத்தான சரக்கு வண்டிகளுக்கான விதிகளையும் தேடிப் படித்தேன். சரக்கின் பெயர், அதற்கு உலகம் முழுவதும் ஒரே நான்கிலக்க எண், அவசரத்துக்கு அழைக்க வேண்டிய தொலைபேசி, எல்லாம் வண்டியில் இருக்க வேண்டும். இவற்றோடு ஒரு படம். சீட்டுக்கட்டு டைமண்ட் போல முனையில் நிற்கும் சதுரம். அதற்குள் இரண்டு கண்ணாடிக் குழாய்கள் சொட்டுகின்றன. ஒரு சொட்டு இரும்பைத் தின்கிறது, இன்னொன்று ஒரு கையைத் தின்கிறது. இரண்டு பக்கமும் பின்னாலும் இது தெரிய வேண்டும். சரக்கு மாறினால் படமும் மாற வேண்டும் என்பதற்காக, தோழருடைய வண்டியில் அதைத் தகரத்தில் அடித்து, உருவி எடுக்கும்படி ஒரு சட்டத்தில் செருகியிருந்தார்கள்.

விதிகளை வரிவரியாகப் படித்தேன். படிப்பதுதான் எனக்கு வரும். புரிந்துகொள்வது வேறு இலாகா.

பேட்டையிலேயே இருந்த ஸ்டிக்கர் கடைக்கு மூன்று பக்கக் குறிப்போடு போனேன். தோழரும் வந்தார். கடைக்காரர் குறிப்பை ஓரமாக வைத்துவிட்டு, "திராவகம்னு போட்டாப் போதுமே அண்ணாச்சி, யாருன்னாலும் புரிஞ்சுக்கிடுவானே" என்றார்.

திராவகம் வடசொல் என்று நான் ஆரம்பித்தேன். தோழர் கடிகாரத்தைப் பார்த்தார். பொருளின் தன்மையைச் சொல்வதே முறை, ஆகவே 'அரிமானப் பொருள்' என்று முடித்தேன்.

"வேண்டாம் அண்ணாச்சி. நம்ம ஆளு அதை அருமையான பொருள்னு வாசிச்சிருவான்."

தோழர் விழுந்து விழுந்து சிரித்தார். பெருந்தன்மையோடு இறங்கி வந்து, 'அரிக்கும் நீர்மம், விலகிச் செல்க' என்று மாற்றிக் கொடுத்தேன். கடைக்காரர் தன் முழங்கையைச் சொறிந்து காட்டினார்.

"அரிக்கும்னா இப்படில்லா செய்வான்?"

"இடத்தைப் பார்த்துப் பொருள் கொள்ளணும்" என்றேன். அந்தக் குரலை இப்போது நினைத்தாலும் எனக்கே என்னை ஓர் அடி போடத் தோன்றுகிறது.

அடுத்த தகராறு அளவைப் பற்றியது. முப்பது அடி தூரத்திலிருந்து வாசிக்கும்படி எழுத்து இருக்க வேண்டும் என்றேன். பின்பக்கம் அவ்வளவு இடம் இல்லை. சட்டத்தில் இருக்கிற படத்தை உருவிவிட்டு அங்கே எழுத்தைச் செருகினால் கச்சிதமாக இருக்கும். இதைச் சொன்னதும் நான்தான்.

"மூணு பக்கமும் படம் இருக்கணும்லா வே?" என்றார் தோழர்.

"அதான் ரெண்டு பக்கமும் இருக்கே. படமெல்லாம் நம்ம மொழி தெரியாதவனுக்கு. நம்மூர் ரோட்டுல தமிழ் போதாதா?"

படித்தவன் சொல்கிறான் என்று அவர் தலையாட்டினார். படம் ஷெட்டின் மூலைக்குப் போனது. என் எழுத்து மஞ்சள் தகரத்தில் கறுப்பாக ஏறியது. அதன் அருகில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டேன். அந்தப் போட்டோவை அழித்துவிட்டேன் என்று எழுத ஆசை. அழிக்கவில்லை.

சில வாரம் கழித்து ஒரு மத்தியானம் தோழர் போனில் கூப்பிட்டார். குரலே சரியில்லை.

"வே, நம்ம வண்டியில ஒருத்தன் கை வெந்து போச்சு."

ராதாபுரம் சாலையில் பின்சக்கரம் காற்று இறங்கி, வழியில் இருந்த பஞ்சர் கடையில் நிறுத்தியிருக்கிறார்கள். டிரைவர் எதிரே டீ குடிக்கப் போய்விட்டார். பஞ்சர் கடைக்காரர் பின்னாலிருந்து குனிந்து ஜாக்கியை வைக்கும்போது, தொட்டியின் வால்வுக்குக் கீழே எண்ணெய் மாதிரி ஏதோ கசிந்திருக்கிறது. தலையில் சொட்டிவிடக் கூடாதென்று வலது உள்ளங்கையால் துடைத்திருக்கிறார். அலறல் கேட்டு ஓடிவந்த டிரைவர், டியூபை முக்கிப் பார்க்கிற தண்ணீர்த் தொட்டிக்குள் அந்தக் கையை அழுத்தி, பிறகு குடம் குடமாக ஊற்றியிருக்கிறார்.

"அல்லா காப்பாத்துனான், கண்ணுல படலை. ஆனா ரெண்டு விரல் மடங்குமான்னு டாக்டருக்கே தெரியலை."

வால்வு ஒழுகியது தன் குற்றம் என்று தோழர் அன்றே ஒப்புக்கொண்டு, வண்டியை ஓரங்கட்டி அதை மாற்றினார். எனக்கு அதில் ஆறுதல் கிடைக்கவில்லை. அந்த மனிதர் பலகையை வாசித்திருக்கிறார். அரிக்கும், அவ்வளவுதானே, அரித்தால் சொறிந்துகொள்வோம் என்று கையை நீட்டியிருக்கிறார். இப்படித்தான் நடந்திருக்கும் என்று முடிவு கட்டினேன். ஸ்டிக்கர் கடைக்காரர் முழங்கையைச் சொறிந்து காட்டிய பிறகும் விட்டேனே. அதன் பின் கொசு கடித்த இடத்தைக்கூட நிம்மதியாகச் சொறிய முடியவில்லை. நகம் படும்போதெல்லாம் மஞ்சள் தகரம் கண்ணில் வந்து நின்றது.

ஒரு மாதம் தள்ளிப்போட்டுவிட்டு, ஒரு கிலோ சாத்துக்குடியோடு அந்தப் பஞ்சர் கடைக்குப் பஸ் ஏறினேன். வழியெல்லாம் மன்னிப்பை ஒத்திகை பார்த்தேன். ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் இருப்பதன் ஆபத்து பற்றி நல்ல ஒரு வாக்கியம் கிடைத்தது. அது கிடைத்ததில் சந்தோஷப்பட்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

கடை திறந்திருந்தது. அவருடைய மனைவி மண்ணில் உட்கார்ந்து, ஒரு பைக் டயரை லிவரால் நெம்பிக்கொண்டிருந்தார். கணவர் பக்கத்தில் ஸ்டூலில் இருந்தபடி, "பைய, பைய, டியூபைக் கிழிச்சிராத" என்று சொல்லிக்கொண்டிருந்தார். வலது கை மடியில் கிடந்தது. தோல் ரோஜா நிறத்தில் இழுத்துப் பிடித்திருந்தது. நடுவிரலும் மோதிரவிரலும் பாதிக்கு மேல் மடங்கவில்லை. லிவரைப் பிடிக்க அந்த இரண்டு விரல்தான் முக்கியம் என்று அவராகவே சொன்னார். ஆறு மாதப் பயிற்சிக்குப் பிறகு வரலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம், வராமலும் போகலாமாம்.

அந்த லாரிப் பலகையை எழுதியவன் நான் என்றேன். சொல்லின் இரண்டு பொருளையும் விளக்கினேன். மனைவி டயரை விட்டு நிமிர்ந்து, "என்ன சொல்லுதாரு?" என்றார்.

"பலகை எழுதுனவராம். அதுல தப்பு இருக்காம்" என்றவர் என் பக்கம் திரும்பினார். "எனக்கு எழுத்து தெரியாது அண்ணாச்சி."

நான் சாத்துக்குடிப் பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினேன்.

"அந்த வண்டிக்கு முன்னாலயும் ஒருக்கா பஞ்சர் ஒட்டியிருக்கேன். அப்போ பின்னால ஒரு கைப் படம் போட்டிருந்துச்சு. கையில சொட்டி ஓட்டை விழுத மாதிரி. அதைப் பாத்துட்டு வால்வுப் பக்கமே போகலை. இந்தத் தடவை பாத்தேன், படத்தைக் காணும். ரெண்டு பக்கமும் ஒரே புழுதி, ஒண்ணும் தெரியலை. சரி, வேற சரக்கு ஏத்திட்டு வாரான்னு நெனச்சேன்."

விதியைப் படித்த நான் அதை மீறியிருக்கிறேன். படிக்கத் தெரியாத அவர் அதன்படியே நடந்திருக்கிறார். ஒத்திகை பார்த்த வாக்கியங்களில் இதற்குப் பொருத்தமானது எதுவும் இல்லை. படத்தை எடுக்கச் சொன்னது நான் என்பதை எப்படியோ சொன்னேன். மனைவி மறுபடி டயர் பக்கம் குனிந்துகொண்டார். பையை ஸ்டூலுக்கு அருகில் வைத்தேன். உரிக்க இரண்டு கையும் வேண்டிய பழத்தை வாங்கிவந்திருக்கிறோம் என்பது பஸ்ஸில்தான் உறைத்தது.

மறுநாளே தோழரைக் கூட்டிக்கொண்டு ஸ்டிக்கர் கடைக்குப் போனேன். ஷெட்டில் கிடந்த படம் துருப்பிடித்திருந்ததால் புதிதாகவே செய்யச் சொன்னோம், முன்பைவிடப் பளிச்சென்று. அது தயாரானதும் கடைக்காரர் லாரியிலிருந்து என் மஞ்சள் தகரத்தை உருவிக் கீழே வைத்தார். புதுப் படத்தைச் சட்டத்துக்குள் பாதி செருகியவர், நிறுத்தி, என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, இதுல பிழை ஏதாவது இருக்கான்னு ஒருக்கா பாத்துச் சொல்லிருங்க."